விலையும் மதிப்பும்: ஜப்பானிய விரைவுக் கார்களின் வரலாற்றிலிருந்து சில ஏடுகள்

முல்லைக்கொடி படர்வதற்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்து சென்ற பாரியை அறியாதவர் நம் வட்டத்தில் இல்லை. அக்கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆயினும் அந்தத் தேரின் விலை என்ன என்று எந்தப் புலவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விலை என்பது பிறர் தருவது. மதிப்பு என்பது உடையவன் உள்ளத்தில் இருப்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்போது சந்திக்கின்றன, சந்திக்கும்போது எது எதை விழுங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட நான் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்றுப் புதியது. ஜப்பானில் 1960களிலிருந்து 2002 வரை உருவான விரைவுக் கார்களும், அவற்றை வாங்கிக் காத்த ஆர்வலர்களுமே அப்பொருள். பத்தாண்டு நிறைவு மலரில் இதற்கு ஓர் இடம் உண்டென்றே நினைக்கிறேன். பத்தாண்டு நிறைவு நமக்கு விழா. ஜப்பானில் ஒரு காருக்குப் பத்தாண்டு நிறைவது நெடுங்காலம் ஓலை வந்தது போன்றதாக இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

1. ஓர் எஞ்சினின் குலமரபு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் விமானம் கட்டுவதற்கு நேச நாடுகள் தடை விதித்தன. போர் விமானங்களைச் செய்த தச்சிகாவா, நாகாஜிமா ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் வேறு தொழில் தேட வேண்டியவரானார்கள். அவர்களுள் ஒரு பகுதியினரின் முயற்சிகள் ஒன்றுகூடி, பிரின்ஸ் என்னும் கார் நிறுவனமாக உருப்பெற்றன. 1957இல் ‘ஸ்கைலைன்’ என்ற கார் அவர்களிடமிருந்து வந்தது.

1964 மே மாதம் சுசுகா ஓடுதளத்தில் இரண்டாவது ஜப்பான் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. சகுராய் ஷின்இச்சிரோ என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும் அதற்காக ஒரு துணிகர வேலை செய்தார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் அமர்ந்திருந்த குடும்பக் காரின் முன்பகுதியை 20 சென்டிமீட்டர் நீட்டி, பெரிய காருக்குரிய ஆறு சிலிண்டர் எஞ்சினை அங்கே பொருத்தினார்கள். எதிரே நின்றதோ ஜெர்மானியப் போர்ஷே 904, பந்தயத்துக்கென்றே பிறந்த கார். போர்ஷேதான் வென்றது. ஆனால் இடையில் ஒரு சுற்றில் இக்குசாவா தெத்சு ஓட்டிய ஸ்கைலைன் அந்தப் போர்ஷேயை முந்திச் சென்றது. இரண்டாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை ஸ்கைலைன் கார்களே பிடித்தன. தோற்ற பந்தயம் ஒன்று புராணமாக மாறியதற்கு இதைவிடச் சிறந்த சான்று கூறுவது அரிது.

1966இல் பிரின்ஸ் நிறுவனம் நிசானுடன் இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. அதே ஆண்டு ஃபுஜி ஓடுதளத்தில் வென்ற பிரின்ஸ் ஆர்380 பந்தயக் காரின் எஞ்சின் மட்டும் வழிமரபு விட்டுச் சென்றது. அதிலிருந்து பிறந்ததே எஸ்20 என்னும் எஞ்சின்: 1,989 கன சென்டிமீட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைத்திறன். 1969 பிப்ரவரியில் அதைத் தாங்கிய ஸ்கைலைன் ஜிடி-ஆர் கடைக்கு வந்தது. அதன் விலை 15 இலட்சம் யென். நான்கு கதவுகளும், பெட்டி போன்ற உருவமும் கொண்ட எளிய கார்தான். ‘ஹகோ’ என்றால் பெட்டி. ஆகவே ஆர்வலர்கள் அதை ‘ஹகோஸுகா’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1972 வரை ஜப்பானியப் பந்தயங்களில் ஏறத்தாழ 50 வெற்றிகளை அது ஈட்டியது. பெட்டிக்குள் ஒரு பந்தயக் காரின் இதயம் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் மட்டுமே அதை விரும்பினார்கள். மற்றவர்களுக்கு அது விலை மிகுந்த இன்னொரு குடும்பக் கார்.

2. ஓரெழுத்தின் விலை

நம் இலக்கணத்தில் ஓரெழுத்து ஒருமொழி உண்டு. ஹகோஸுகாவின் வரலாற்றிலும் ஓரெழுத்து ஒரு பெருஞ்செல்வம். சாதாரண ஆறு சிலிண்டர் ஸ்கைலைனின் வகைக்குறி ‘ஜிசி10’. ஜிடி-ஆரின் வகைக்குறி ‘பிஜிசி10’. இரண்டு கதவு வடிவம் 1970இல் வந்தபோது முறையே ‘கேஜிசி10’, ‘கேபிஜிசி10’ என்றாயின. நடுவில் நிற்கும் அந்தப் ‘பி’ எஸ்20 எஞ்சினைக் குறிப்பது. சாதாரணக் காரில் ஜிடி-ஆரின் முகப்பையும் பின் சக்கரத்து மேல்விளிம்பையும் ஒட்டி அழகுபடுத்துவது எளிது. பலர் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். அப்படிச் செய்வது குற்றமன்று. அதை மறைத்து விற்பதுதான் குற்றம். ஆகையால் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது வண்ணத்தை அன்று. எஞ்சின் அறையின் தகட்டில் பொறித்த அந்த ஓரெழுத்தையே.

அடுத்து வந்த தலைமுறையின் கதை இன்னும் சுருக்கமானது. கென், மேரி என்னும் காதலர் இருவரைக் காட்டிய விளம்பரத்தால் ‘கென்மேரி’ எனப் பெயர் பெற்ற அந்த ஸ்கைலைனில் 1973இன் தொடக்கத்தில் ஜிடி-ஆர் வடிவம் வந்தது. புதிய புகை விதிகளுக்கு எஸ்20 எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. 197 கார்களுடன் உற்பத்தி நின்றது. ஒரு பந்தயத்திலும் அது ஓடவில்லை. வென்றதற்காக ஹகோஸுகா போற்றப்படுகிறது; ஓடவே வாய்ப்புப் பெறாததற்காகக் கென்மேரி போற்றப்படுகிறது. அதன் பின் 16 ஆண்டுகள் ஜிடி-ஆர் என்ற பெயரே வழக்கில் இல்லை.

இக்காலத்தின் இன்னொரு தனிச்சிறப்பு டொயோட்டா 2000ஜிடி. யமாஹாவின் கூட்டுறவோடு 1967 முதல் 1970 வரை 337 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. அதன் விலை 23 இலட்சத்து 80 ஆயிரம் யென். 1966இல் வெளிவந்த கொரோலாவின் தொடக்க விலையோ 4 இலட்சத்து 32 ஆயிரம். ஐந்து குடும்பங்களின் கார்களை விற்று ஒருவன் ஏறிச் செல்வது போன்ற விலை! விற்பனை மந்தமாகவே இருந்தது. ஆனால் 2013இல் அமெரிக்க ஏலமொன்றில் ஒரு 2000ஜிடி பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது. 2022இல், கரோல் ஷெல்பியின் குழு 1968இல் பந்தயத்தில் ஓட்டிய 2000ஜிடி ஒன்று 25 இலட்சத்து 35 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பிறந்த நாட்டில் வாங்க ஆளின்றி நின்ற கார், அரை நூற்றாண்டு கழித்து அயல்நாட்டு ஏலக் கூடத்தில் கைதட்டல் பெற்றது.

3. ஒரே ஆண்டின் அறுவடை

1989ஆம் ஆண்டின் கடைசி வணிக நாளில் டோக்கியோ பங்குச் சந்தைக் குறியீடு 38,915 என்ற உச்சத்தைத் தொட்டது. பணம் பொங்கி வழிந்த அந்நாளில் பொறியாளர் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆகஸ்டில் இத்தோ நாகனோரியின் தலைமையில் உருவான ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் வெளிவந்தது. மறு ஆண்டு ஹோண்டா, முழுதும் அலுமினியத்தால் ஆன உடல் கொண்ட என்எஸ்எக்ஸை 80 இலட்சம் யென்னுக்கு அளித்தது. என்எஸ்எக்ஸ் என்னும் பெயர் தாங்கிய பந்தயக் காரை 2019 நவம்பரில் ஃபுஜி ஓடுதளத்தில் ஓட்டி, ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் ஒருசேர ஓடிய பந்தயத்தில் வென்றவர் கோவையின் நரேன் கார்த்திகேயன் என்பதை இங்கே பெருமிதத்துடன் குறிப்பிடலாம்.

ஆர்32 காரின் எஞ்சின் அளவு 2,568 கன சென்டிமீட்டர். இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது? அன்றைய பந்தய விதிப்படி, டர்போ பொருத்திய எஞ்சினின் அளவை 1.7 ஆல் பெருக்கி அதன் வகுப்பைத் தீர்மானிப்பார்கள். 2,568ஐ அவ்வாறு பெருக்கினால் 4,366 வரும். 4,500 என்னும் வகுப்பின் வேலிக்குள் அது அடங்கும். வெண்பாவுக்குத் தளை தட்டாமல் சீர் அமைப்பது போல, விதிக்குள் நின்று வலிமையைத் தேடிய செயல் இது. பயன் கண்கூடாயிற்று. 1990 முதல் 1993 வரை ஜப்பானியக் குரூப் ஏ பந்தயத் தொடரின் 29 பந்தயங்களிலும் ஆர்32தான் வென்றது. 1991, 1992 ஆகிய ஈராண்டும் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயமும் அதன் வசமாயிற்று. அந்நாட்டு இதழொன்று சூட்டிய ‘காட்ஸில்லா’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இக்காலத்துக் கார்களின் விவர ஏடுகளைப் புரட்டுவோர் ஒரு வியப்பைக் காண்பர். ஜிடி-ஆர், சூப்ரா, பிற்கால ஆர்எக்ஸ்-7 என எதை எடுத்தாலும் 280 குதிரைத்திறன் என்றே எழுதியிருக்கும். அதிகத் திறனைப் பறைசாற்றினால் விபத்துகள் பெருகும் என்ற அச்சத்தால் நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. 1989இலிருந்து 2004 வரை நீடித்தது. உண்மையில் பல கார்களின் திறன் அதைவிட மிகுதி என்பது வாங்கியோர் அனைவரும் அறிந்ததே. உயர்வு நவிற்சியே வணிகத்தின் மொழியாகிய உலகில், குறைத்துச் சொல்வதை ஒரு மரபாக்கியவர்கள் இவர்கள். ஏட்டில் எழுதாத எண்ணை வாய்மொழியாகக் கடத்துவது ஆர்வலர் கூட்டத்தின் முதல் இரகசியமாயிற்று.

4. பத்தாண்டு என்னும் ஓலை

பங்குச் சந்தை 1990இல் சரிந்தது. அதன் பின் வந்த நெடிய மந்தத்தில் இக்கார்களின் கதி என்ன ஆயிற்று? இங்கேதான் ஆர்வலரின் வரலாறு தொடங்குகிறது.

ஜப்பானில் கார் வைத்திருப்பவர் ‘ஷாகென்’ என்னும் தகுதிச் சோதனைக்கு அதை உட்படுத்த வேண்டும். புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் இது நடக்கும். 1995 வரை, பத்தாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்ற விதி இருந்தது. கட்டணம், வரி, காப்புறுதி, பழுதுபார்க்கும் செலவு எல்லாம் ஒருங்கே வரும்போது பழைய காரை விட்டுவிடுவதே மேல் என்று பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். முன்னர்ச் சொன்ன ஓலை இதுதான். அவ்விதி தளர்ந்த பின்னும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வரி ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது. பழையதைக் காப்பவனுக்கு அரசு அளிக்கும் பரிசு தண்டமே.

அவ்வாறு விடப்பட்ட கார்கள் கப்பலேறின. வலப்புறம் ஓட்டுநர் அமரும் நாடுகளான பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை ஆகியவற்றுக்கு அவை சென்றன. இலங்கைத் தமிழரிடையே ‘ரீகண்டிஷன்’ கார் என்பது அன்றாடச் சொல்லானது இவ்வழியில்தான். புதிதில் 44 இலட்சத்து 50 ஆயிரம் யென் விலை பெற்ற ஆர்32, 2000களில் அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 44 ஆயிரம் கார்கள் செய்யப்பட்டிருந்ததால் அரிது என்று கருதவும் இடமில்லை.

இக்காலத்தின் உண்மையான நாயகன் அதனினும் எளிய கார். 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ரூனோ ஆகிய இணையின் வகைக்குறி ஏஇ86. ‘ஹச்சி’ எட்டு, ‘ரோக்கு’ ஆறு; ஆகவே ‘ஹச்சிரோக்கு’. 1.6 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன். மற்றச் சிறு கார்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்ட காலத்தில் இது பின்சக்கரத்தால் உந்தப்பட்டது. பழையதாகிவிட்ட அந்த அமைப்பே இளைஞர்களுக்கு வரமாயிற்று. பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு மலைப்பாதை வளைவுகளைக் கடக்கும் ‘டிரிஃப்ட்’ கலையை அவர்கள் இதில் பயின்றார்கள். அக்கலையின் முன்னோடியான சுச்சியா கெய்ச்சியும் இக்காராலேயே புகழ் பெற்றார். 1995இல் ஷிகெனோ ஷூயிச்சி தொடங்கிய ‘இனிஷியல் டி’ என்னும் சித்திரத் தொடர்கதையில் தோஃபு கடைக்காரரின் மகன் ஓட்டியதும் இதே கார். 2013 வரை அத்தொடர் ஓடியது.

மலிவாகக் கிடைத்ததால்தான் இளைஞர்கள் இதை வாங்கினார்கள், அச்சமின்றி ஓட்டினார்கள், பாறையிலும் தடுப்பிலும் மோதி நொறுக்கினார்கள். நொறுங்கியது போக எஞ்சியவை அரிதாயின. அரிதானதால் விலை ஏறிற்று. பின்னாளில் இவ்வகைக் கார்களின் விலையேற்றத்தை ஆர்வலர்கள் ‘டிரிஃப்ட் வரி’ என்று கசப்போடு அழைத்தார்கள். நேசித்தவர்களே பொருளை அழித்தார்கள்; அழித்ததன் மூலம் அதன் விலையையும் அவர்களே ஏற்றினார்கள்.

5. வாங்குவோன் கற்கும் வாசிப்பு

ஜப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் வணிகர்களுக்கான ஏலக் கூடங்களின் வழியே கைமாறுகின்றன. சிபா மாநிலத்து நோதா நகரில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் ஏலத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நாளில் விலைபோகும். ஒரு காரின் விதி சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நொடிகளில் காருக்காகப் பேசுவது ‘ஏலத்தாள்’ என்னும் ஒற்றைத் தாள்.

இத்தாளை வாசிப்பது ஒரு தனிக் கல்வி. மேலே தரவெண் இருக்கும். 5 என்றால் ஏறத்தாழப் புதிது, 4, நன்று, 3, உழைத்துக் களைத்தது, ‘ஆர்’ என்றால் விபத்தில் அடிச்சட்டம் பழுதாகிச் சீர்செய்யப்பட்டது. கீழே காரின் விரிந்த படமும் அதன்மேல் சிறு குறிகளும் காணப்படும். ‘ஏ’ என்பது கீறல், ‘யு’ நெளிவு, ‘எஸ்’ துரு, ‘சி’ அரிப்பு, ‘எக்ஸ்எக்ஸ்’ மாற்றப்பட்ட பாகம். ‘டபிள்யூ’ என்றால் நெளிந்த இடத்தைப் பட்டி பூசிச் சமன்செய்ததால் ஒளியில் தெரியும் அலை. பழுதை மறைக்கச் செய்த வேலையே இன்னொரு பழுதாகக் குறிக்கப்படுவதில் ஒரு நீதி இருக்கிறது.

ஆயினும் தாள் சொல்லாதவை பல. ஆர்32 வாங்குவோர் பின்சக்கர வளைவின் உட்பக்கத்தையும், முன்புற அதிர்வுதாங்கி பொருந்தும் மேடையையும் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். மேற்பூச்சு மின்னும் இடத்தின் அடியில் துரு உறங்கக்கூடும். ஓடிய தூரம் குறைவு என்பதைவிட, எண்ணெய் மாற்றிய நாள்களைக் குறித்த பணிப்புத்தகம் இருக்கிறதா என்பதே அவர்களுக்குப் பெரிது. குறைந்த தூரம் ஓடிய கார் பல ஆண்டு நின்றே கெட்டிருக்கலாம். ரப்பர் இறுகும், எரிபொருள் பிசினாகும், உராய்வு வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். நிறைய ஓடி நன்கு பேணப்பட்டது இன்னும் நெடுந்தூரம் ஓடும். பயன்படுத்துதலே பாதுகாத்தல் என்பது இத்தொழிலின் பழைய பாடம்.

6. சட்டம் திறந்த கதவு

2002 ஆகஸ்டு ஒரு முடிவின் திங்கள். புதிய புகை விதிகளின் முன் ஆர்34 ஜிடி-ஆர், சூப்ரா, ஆர்எக்ஸ்-7, சில்வியா ஆகியவை அவ்வாண்டில் அடுத்தடுத்து உற்பத்தி நின்றன. 1973இல் 197 கார்களோடு கென்மேரியை நிறுத்திய அதே காரணம், ஒரு தலைமுறையையே நிறுத்தியது.

விலையைத் தலைகீழாக மாற்றியதும் ஒரு சட்டமே. அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட சட்டம், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கேற்பச் செய்யப்படாத கார்களின் இறக்குமதியைத் தடுத்தது. 25 ஆண்டு நிறைந்தவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. இதனால் அமெரிக்க இளைஞர் ஜிடி-ஆரைத் திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் மட்டுமே கண்டு வளர்ந்தனர். 2014 ஆகஸ்டில் முதல் ஆர்32 கார்களுக்கும், 2024 சனவரியில் முதல் ஆர்34 கார்களுக்கும் கதவு திறந்தது. அதற்குள் அந்த இளைஞர்கள் நடுவயதினராகி, பொருள் ஈட்டியிருந்தார்கள். கால் நூற்றாண்டுத் தவிப்பு ஒரே நாளில் பணமாக மாறிற்று.

திரைப்படத்தின் பங்கையும் மறுக்க முடியாது. 2001இல் வெளியான பந்தயப் படமொன்றில் தோன்றிய சூப்ரா 2021இல் ஐந்தரை இலட்சம் டாலருக்கும், அப்பட வரிசையில் பால் வாக்கர் ஓட்டிய ஆர்34 ஸ்கைலைன் 2023இல் 13 இலட்சத்து 57 ஆயிரம் டாலருக்கும் விற்றன. நன்றாகக் காக்கப்பட்ட ஹகோஸுகா ஜிடி-ஆர் இப்போது இரண்டு கோடி யென்னையும் தாண்டுகிறது.

விலையேற்றத்தால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஹோண்டா 1993இலேயே என்எஸ்எக்ஸ் காரைப் புதுப்பித்துத் தரும் பணியைத் தொடங்கிவிட்டது. 2017 இறுதியில் ஆர்32 காருக்கான பாகங்களை நிசான் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. 2020இல் 2000ஜிடியின் பாகங்களை டொயோட்டா அறிவித்தது. அடுத்து ஏஇ86க்கும் அவ்வாய்ப்பு வந்தது. நொறுக்குக் கிடங்குகளில் திருகாணி திருகாணியாகத் தேடி அலைந்தவர்களுக்கு இது பெருவரம். விலை இல்லாதிருந்தால் இப்பாகங்கள் மீண்டும் வார்க்கப்பட்டிரா.

7. நின்ற தேர்

எனினும் இழப்பும் உண்டு. ஹச்சிரோக்குவை இளைஞன் ஒருவன் இன்று தன் மாத ஊதியத்தில் சேமித்து வாங்கி, மலைப்பாதையில் பிழை செய்து கற்க இயலாது. ஒரு பிழைக்கு அவன் கொடுக்கும் விலை மிகப் பெரிது. 20 ஆண்டுகள் ஒரு ஜிடி-ஆரைப் பேணியவரிடம் வந்து ஒரு தரகர் சொல்லும் தொகை, அவருடைய முதுமைக்குப் போதுமானது. மலிவாக இருந்தபோது வரியால் தண்டிக்கப்பட்டவர், விலை ஏறியபோது ஆசையால் சோதிக்கப்படுகிறார். விற்றால் கார் கடல் கடந்து, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் துணி போர்த்தி நிற்கும். ஓடினால் தூரம் கூடும். தூரம் கூடினால் விலை குறையும். ஆகவே அது ஓடாது. பந்தயத்தில் வெல்வதற்காகப் பிறந்த எஞ்சின் ஒன்று, ஒலி எழுப்பாதிருப்பதற்காகவே விலை பெறுகிறது.

பாரியின் தேரும் நின்றதுதான். ஒரு கொடி வாழட்டும் என்று நின்றது அது. ஒரு விலை வளரட்டும் என்று நிற்கிறது இது. நிற்றல் இரண்டிலும் ஒன்றே. எதற்காக என்பதில்தான் வேறுபாடு.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஞாயிறு விடியலில், சாலை வெறிச்சோடியிருக்கும் வேளையில், பெட்டி போன்ற அந்தப் பழைய காரை வெளியே எடுத்து, எஞ்சின் சூடேறும் வரை காத்திருந்து, மலையேறித் திரும்புகிறவர்கள். ஒவ்வொரு முறையும் தூரம் காட்டும் எண் கூடுவதையும், விலை சற்றே குறைவதையும் அவர்கள் அறிவார்கள். விலை வருமுன் அதைக் காத்தவர்களும் இத்தகையோரே. விலை போன பின் அதைக் காக்கப்போகிறவர்களும் இவர்களே. இக்கார்களின் வரலாற்றில் மதிப்பு என்ற சொல் எவரிடம் தங்கியிருக்கிறது என்று கேட்டால், ஏலக் கூடத்தை விட்டு அந்த விடியற்காலைச் சாலையையே நான் சுட்டுவேன்.